பொன்னையாவும் துரையின் ஜெட் போட்டும்

பொன்னையாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் என் வயிற்றெரிச்சல் என்பீர்கள். நுவரெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர்தான் இஞ்சின்காரர். ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டாரென்றால் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதின்மூன்று வயதில் இஞ்சின் ரூமைக் கூட்டப் போனவர், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். மூன்று பெண்பிள்ளைகள். குடி கிடையாது. பெற்றோலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புகிற அருவருப்பான பழக்கம் ஒன்று உண்டு. அவ்வளவுதான், நல்ல வார்த்தை தீர்ந்துவிட்டது.

நான் இராமையா, அதே தோட்டத்து லொறி டிரைவர். அறுபத்து நாலாம் வருஷம் எங்கள் துரை, சீமைக்குக் கப்பலேறிய இன்னொரு வெள்ளைக்காரரிடமிருந்து ஏரியில் ஓட்டப் பழைய ஜெட் போட்டு ஒன்றை வாங்கிவந்தார். அதற்கு அடியில் விசிறி கிடையாது. ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சியடித்தே பாயும். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், தகரம் இல்லை என்றார்கள். போட்டு வந்த வாரமே அதற்குப் புதுத் தகரத்தில் ஷெட் எழும்பியது. தூ!

ஆயுத பூசை வந்தது. ரோலர், இஞ்சின், லொறி, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்போம். வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டோம், தானாக உதிர வேண்டும். தொழிற்சாலையில் அப்புகிற வேலை பொன்னையாவுடையது. துரையின் போட்டையும் அவர் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை விருந்தாளிகளோடு ஏரியில் இறங்கினார். பத்து நிமிஷம் பறந்த போட்டு நட்ட நடுவில் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. பலகையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, நனைந்த கோழிகளாகக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பொன்னையா காபரேட்டரைக் கழற்றினார். மிதவையைக் குலுக்கிப் பார்த்தார், ஓட்டை இல்லை. ஊசியைத் தேய்த்தார். பித்தளைத் துளைகளை வாயால் ஊதினார். டாங்கி மூடியைத் திறந்து பெற்றோலை நக்கிப் பார்த்துத் துப்பினார். ஷெட்டில் வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஏரிக்குக் கொண்டுபோனால் பத்தாவது நிமிஷம் படுத்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று தடவை இந்தக் கூத்து. துரைக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"என்னா பொன்னையா, ஒனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. "பெற்றோல்ல தண்ணி கலந்திருக்குங்க தொரை" என்றார்.

பெற்றோல் டின்னை டவுனிலிருந்து ஏற்றி வந்தவன் நான். நான் திருடி விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றினேனாம்! பத்துச்சீட்டு தருவதாகத் துரை கத்தினார். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு. கொழுந்தெடுக்கிற என் பெண்சாதி பேச்சியம்மாவின் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் துரை ஒரு வழி சொன்னார். அவரே தன் காரில் பெற்றோல் வாங்கி வருவார். அதிலும் போட்டு நின்றால் நான் யோக்கியன். நிற்காமல் ஓடினால் நான் திருடன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரை கரையில் நின்றார். பொன்னையாவும் நானும் போட்டில் போனோம். 'நில்லு, நில்லு தாயே' என்று மாரியம்மாவை வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிஷம் விக்கியது, நின்றது. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா அண்ணே! தொரையோட பெற்றோல்! இப்ப என்ன சொல்றீங்க?"

பொன்னையா டாங்கி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அவர் கை அப்படியே நின்றது. மூடியின் உச்சியில் காற்றுப் போக ஊசித் துளை ஒன்று உண்டு. அதன்மேல் ஆயுத பூசைச் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. காற்றுப் போகாத டாங்கியிலிருந்து காபரேட்டருக்குப் பெற்றோல் எப்படி இறங்கும்?

"நீங்க வச்ச சந்தனம்ண்ணே" என்றேன்.

கம்பியால் குத்தித் துளையைத் திறந்தார். பெயர்ந்த சந்தனத்தைத் தண்ணீரில் போடக் கை வரவில்லை. சாமிச் சந்தனமாயிற்றே. பெற்றோலில் ஊறிய அதை நெற்றியில் இழுத்துக்கொண்டார்.

"தொரைகிட்ட சொல்லுங்கண்ணே."

"மூணு பொம்பளப்புள்ளைங்க தம்பி" என்றார், தலையைத் தூக்காமல்.

இஞ்சின் பிடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, விக்காமல் கரைக்கு வந்தோம்.

"ஏன் நின்னுச்சு?" என்று துரை கேட்டார்.

"பழைய தண்ணி கொஞ்சம் காபரேட்டர்ல தங்கியிருந்துச்சுங்க தொரை. ஊதிட்டேன். இனி ஓடும்."

நான் துரைக்கு முன்னால் போய் நின்றேன். "பொய்ங்க தொரை! மூடியில சந்தனம் அடைச்சிருந்துச்சு. இந்தா, இவரு நெத்தியில இருக்கு. மோந்து பாருங்க, பெற்றோல் நாறும்!"

துரை பொன்னையாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன், என் நெற்றியிலும் சந்தனம். கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனார். கூலிக்காரன் நெற்றியில் துரை மூக்கை வைப்பாரா?

"நாளைக்கு லயத்தைக் காலி பண்ணு" என்றார்.

மறுநாள் சட்டி பானையை நான் ஓட்டிய லொறியிலேயே ஏற்றினோம், புது டிரைவர் ஓட்ட. குளிரில் வண்டி கிளம்பவில்லை. பொன்னையாவைக் கூப்பிட்டார்கள். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. நேராக டாங்கி மூடிக்குப் போனார். அதிலும் அவர் வைத்த பொட்டு இருந்தது. என் கண்ணெதிரே நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். இந்தத் தடவை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பத்திரமா போயிட்டு வா தம்பி" என்றார்.

பேச்சியம்மா என்னை முந்திக்கொண்டு காறித் துப்பினாள்.