ஏரிக்கரை அருகே

என் மகளுக்குப் பிளஸ் டூவில் கணக்கு எடுத்த டீச்சர் இப்போது கல்லூரியில் பேராசிரியை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டம் வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. ஆரணிப் பக்கத்துத் திருட்டுகள்தான் ஆய்வுப் பொருள். போன மாதம் ஒரு காலை, மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் காவல் துறையில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலையத்தின் பெயர் வேண்டாம். ரைட்டர் என்றால் புகாரை எழுதி, பதிவேட்டில் ஏற்றி, கோர்ட்டுக்கு அனுப்பும் காவலர். கற்பனை கலக்கக் கூடாது என்பது ஒன்றே இந்த எழுத்துக்கும் மற்ற எழுத்துக்கும் வித்தியாசம்.

நாங்கள் கார்பன் வைத்து அழுத்தி எழுதிய முதல் தகவல் அறிக்கைகளையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. எப்போது, எங்கே, என்ன போனது, யார் மேல் சந்தேகம், எல்லாம் அந்த வரியில் இருக்கும். வருடக் கடைசியில் மொத்தத்தை மட்டும் கூட்டி மேலே அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால், ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது விருந்து. டீச்சர் அனுமதி வாங்கி, பெயர்கள் நீக்கிய பட்டியலைப் பெற்று, ஒவ்வொரு வரியையும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக வைத்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், உங்க காலத்துல திருடனுங்க எல்லாம் நீச்சல் கத்துகினு வந்தானுங்களா?"

புள்ளிகள் ஏரியின் மேல் எறும்பு மாதிரி மொய்த்திருந்தன.

சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பட்டுத் திருட்டு என்றால் என் கை தானாக எழுதும்: ஏரிக்கரை அருகே, வடகிழக்கு, ஒன்றரை கிலோமீட்டர்.

"அருகேன்னா அருகேதான் மேடம். இந்த ஊர்ல ஏரிக்கு அருகே இல்லாத எடம் எது?"

"உங்க பொண்ணு இப்படி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்."

பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை அத்தியாயத்தை ஒப்படைக்க வேண்டும். தரவின்படி ஏரிக்கரைக் குடியிருப்புதான் குற்றம் மிகுந்த பகுதி. அங்கே கேமராவும் கூடுதல் ரோந்தும் வேண்டும் என்று அத்தியாயம் முடிகிறது. "எனக்கே அது சரியாப் படல. அப்படியே குடுத்துட்டா அந்த ஜனங்க மேல முத்திரை விழுந்துடும். அதான் எழுதின கையையே கேக்க வந்தேன்."

எழுதிய கைக்கு எல்லாம் நினைவிருந்தது. கார்பன் மை கட்டை விரலில் ஏறி, சாப்பிடும்போது சோற்றிலும் கொஞ்சம் வாசம் வரும். மழை நாளில் தாள் ஈரம் குடித்து எழுத்து பரவும். அப்படி ஒரு மழை நாளில்தான் நெசவுத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தார். தறியில் பாதி நெய்திருந்த சேலையை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஐயா, தெரு பேர மட்டும் எழுதாதீங்க. எங்க மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். மத்த மொதலாளிங்க பேப்பர்ல பாத்தா எங்க தெருவுக்கே பாவு குடுக்க மாட்டாங்க."

தறியில் ஏற்றும் பாவுப் பட்டும் ஜரிகையும் முதலாளிகளுடையவை. திருட்டு நடக்கும் தெரு என்று பெயர் வந்துவிட்டால், அந்தத் தெருவில் தறிகள் சும்மா நிற்கும். நான் ஏரிக்கரை அருகே என்று எழுதினேன். வழக்குக் கட்டில், சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் மகஜரிலும் வரைபடத்திலும் உண்மையான இடம் இருக்கும், வழக்குக்குப் பாதகமில்லை என்று மனசாட்சிக்கும் ஒரு விதி காட்டினேன். அந்தக் கட்டுகளும் கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன.

செய்தி பரவியது. பிறகு வந்தவர்கள், ஓட்டலில் சட்னி கேட்பது போல, "அந்த ஏரிக்கரையப் போட்டுடுங்கய்யா" என்றார்கள். கடைத்தெருவில் எனக்கு வணக்கம் கூடியது. அந்தத் தெருக்களில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட எனக்குத் தப்பியதில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது.

டீச்சர் பட்டியலை நகர்த்தினார். "ஏரிக்கரையில அப்போ யாரு சார் இருந்தாங்க?"

"மீன் பிடிக்கிறவங்க. கூலி வேலைக்குப் போறவங்க. கொஞ்சம் குடும்பம்தான்."

"சந்தேக நபர் கட்டத்தைப் பாருங்க."

பார்த்தேன். வரிக்கு வரி ஏரிக்கரை முகவரி. புதிதாக வரும் ஒவ்வொரு அதிகாரியும் என் பதிவேட்டைப் படித்துவிட்டு ஜீப்பை அங்கேதான் அனுப்பியிருக்கிறார். காலையில் நான் வேலைக்கு வரும்போது நிலைய வாசலில் ஆட்கள் குத்தவைத்திருப்பார்கள். ஒருவர் என்னிடமே கேட்டார்.

"என்னா ரைட்டரே, எது காணாப் போனாலும் எங்களையே இட்டுகினு வரீங்க? ஜல்தியா உடுங்க, வேலைக்குப் போவணும்."

"ஏரியை வேற ஊருக்குத் தூக்கினு போயிடு, உட்டுடறோம்" என்றேன். வாசல் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதை இரக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க சார். அடிக்குறிப்பா சேத்துடறேன்."

நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். "நாளடைவில் ஏற்பட்ட எழுத்துப் பழக்கம் காரணமாக..."

விரல்கள் நின்றன. "பழக்கமா சார்? இல்ல, தெரிஞ்சா?"

டீச்சரிடம் இதுதான் பேஜார். விடை சரியாக இருந்தாலும் வழி கேட்பார்.

"தெரிஞ்சேதான். அப்படியே போடுங்க."

தெருக்களுக்குப் பெயர் போடாமல் எண் மட்டும் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் உண்மையான இடத்தைச் சொல்லத் தொடங்கினேன். எந்த வீடு, எத்தனையாவது தறி, சேலை என்ன நிறம் என்பதுகூட வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏரியை விட்டு வெளியேறின. நினைவுக்கு வராதவற்றை அவர் நீக்கிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் நீலமாகத் தெரிந்தது.

கரையில் ஒரு புள்ளி மட்டும் மிச்சம். அவர் அதற்கும் தெரு கேட்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும் மேடம். நெஜமாவே அங்கதான் நடந்தது. மீன் வலை போச்சுன்னு ஏரிக்கரைக்காரரே வந்து எழுதிக் குடுத்தது."

அவர் அந்த வரியைத் திறந்தார். சந்தேக நபர் என்ற கட்டத்தில் 'யாருமில்லை' என்று இருந்தது. அந்த வலைக்காக நாங்கள் எந்தத் தெருவிலிருந்தும் யாரையும் கூட்டி வரவில்லை.