அக்காவுக்கு நான் பதிவு செய்த சொற்கள்

அக்காவுக்குப் பேச்சு வராது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வாயும் கைகால்களும் அவள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டன என்று அம்மா சொல்வார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும், ஆடி ஆடி மெதுவாக, நினைத்த இடத்தில் போய் நிற்கும். கணக்கில் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஆனால் அது வீட்டில் எங்களுக்கும் பள்ளியில் அவளுடைய வகுப்பாசிரியைக்கும்தான் தெரியும். மற்றவர்கள் அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்பார்கள். அவளுக்கு இளையவளான நானும், பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எதைக் கேட்டாலும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவேன்.

கடலுக்கு அக்கரையில் ஜுருவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்தார். திரை நிறையக் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒன்றைத் தொட்டால் அந்தச் சொல்லை அது உரக்கச் சொல்லும். மலாயும் ஆங்கிலமும் அதற்கு நன்றாக வந்தன. தமிழுக்கு நாங்களே குரல் கொடுக்க வேண்டும். அம்மா முன்வந்தபோது அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பள்ளியில் போய் அம்மா குரலில் பேச அவளுக்கு விருப்பமில்லை. ஆகவே அந்தப் பெருமை எனக்கு வந்தது. காற்றாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, பிளாட்டுக்குக் கீழே மோட்டார் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, வியர்க்க வியர்க்கச் சொற்களைப் பதிவு செய்தேன். 'நான்' என்ற சொல்லுக்கு மட்டும் எனக்குச் சளி பிடித்திருந்தது.

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரத் தடை. தலைமையாசிரியரை அம்மா இரண்டு முறை போய்ப் பார்த்த பிறகு டேப்லெட்டுக்கு அனுமதி கிடைத்தது. முதல் வாரம் ஓய்வுநேரத்தில் பையன்கள் சூழ்ந்துகொண்டு 'கழிவறை' என்ற கட்டத்தையே அழுத்தி அழுத்திச் சிரித்தார்கள். அக்கா அவர்கள் களைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு விரலை நீட்டி 'போதும்' என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த ஆண்டு கதை சொல்லும் போட்டியில் தானும் சேரப்போவதாக அக்கா அறிவித்தாள். கதையை அவளே எழுத்து எழுத்தாகத் தட்டி எழுதினாள். ஃபெரிக் கப்பலில் ஏறி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய்விட்ட ஒரு பூனையின் கதை. அந்தப் பூனை கடைசியில் திரும்பி வர வேண்டுமென்று எனக்கு ஆசை. பதிவு செய்யும்போது நானாக ஒரு வரி சேர்த்தேன். அவள் அதை அழித்துவிட்டு, மறுபடியும் படிக்கச் சொல்லி விரலால் காட்டினாள்.

போட்டியன்று நடுவராக வேறு பள்ளியிலிருந்து ஒரு முதிய ஆசிரியர் வந்திருந்தார். அக்காவின் சக்கர நாற்காலியை மேடையில் ஏற்றினார்கள். சில வரிகள் ஓடியதும் அவர் கையைத் தூக்கினார். கோபமில்லை, குழப்பம்தான். வகுப்பாசிரியையைப் பார்த்து, “டீச்சர், இது தங்கச்சி குரல்னு சொல்றாங்க. அப்போ போட்டியில பேசறது யாரு?” என்று கேட்டார்.

டீச்சர் வாய் திறந்தார். கீழே உட்கார்ந்திருந்த நானும் பதில் சொல்ல எழுந்துவிட்டேன். அதற்குள் அக்காவின் விரல் திரையை நோக்கிப் புறப்பட்டிருந்தது. கட்டம் கட்டமாக அது போய்ச் சேரும்வரை மண்டபமே காத்திருந்தது.

“குரல். தங்கச்சி. கதை. நான்.”

கடைசிச் சொல் மூக்கடைத்துக்கொண்டு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சரிம்மா. நீங்க சொல்லுங்க,” என்றார். எங்கள் பள்ளியில் ஒரு மாணவியை ஒரு பெரியவர் 'நீங்க' என்றதை நான் அன்றுதான் கேட்டேன்.

அக்காவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் முடிந்ததும் நடுவர் அவளிடமே வந்து, பூனை ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரித்தார். அது வழி தெரியாமல் போய்விட்டது என்று நான் சட்டென்று சொன்னேன். அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை அக்கா ஒரு புதிய வாக்கியத்தைத் தட்டி என் முன்னால் நீட்டினாள். அந்தப் பையன்களுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து, நல்ல அதட்டலாகவே பதிவு செய்து கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சூலியா தெருவில் வழக்கமான மீ கோரேங் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் எப்போதும்போல் என்னைப் பார்த்து, அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் குரலே மேசைமேலிருந்து அதட்டியது.

“இரு. நான் சொல்றேன்.”

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். விரல் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது. மீ கோரேங். காரம். நிறைய.

அதுவரை அக்காவுக்குக் காரம் ஆகாது என்று சொல்லி, மிளகாய் போடாமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குரலை வாங்கிக்கொண்டு என்னையே வாய் மூட வைக்கிறாள், பாருங்கள் என்று அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் தட்டிலிருந்து அவரும் ஒரு வாய் எடுத்திருந்தார். மிளகாய்தான் காரணம் என்று நினைத்து, என் தண்ணீரை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.