அச்சேறாத இரண்டு பெயர்கள்

குழித்துறையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் செய்த தவறு இது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முப்பதுகளின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்மணி ஒருவர் எங்களிடம் வந்தார். அங்கே நாவல்களும் சிறுவர் கதைகளும் எழுதிப் பெயர் பெற்றவர். அவருடைய புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்துவிட்டார்களாம். ஊரில் மதாம்மா என்போம். சந்தைப் பெண்களிடம் தமிழ் கற்றிருந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுவர் கதையை நானே தமிழாக்கிக் கோத்தேன்.

கதையில் ஹன்னா, எமில் என்று இரண்டு குழந்தைகள். "இந்தப் பேர மட்டும் இங்கிலீஷ் எழுத்துல போடணும், கேட்டியளா. பிள்ளையள் பாக்கும்" என்றார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானங்களில் நான் புரூஃபை உரக்க வாசிப்பேன். அவர் மூலப்பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெயர்கள் வந்தால் கையை உயர்த்துவார். நான் நிறுத்த வேண்டும். கூப்பிட்டவர்கள் வருவதற்கு நேரம் கொடுப்பது போல வாசலைப் பார்த்துக் காத்திருப்பார். பிறகு தலையசைப்பார். சில நாளில் நானும் வாசலைப் பார்க்கத் தொடங்கினேன். ஒருமுறை பெயரைச் சொன்னதும் வெளியே சின்னப் பாதங்கள் ஓடிவந்து நின்றன. எழுந்து போய்ப் பார்த்தேன். வெயில் மட்டும் கிடந்தது.

"நீங்களும் கேட்டியளா?" என்றார்.

கோத்த எழுத்துகளைப் பக்கமாகக் கட்டும் வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆங்கில எழுத்து எங்கள் தமிழ் எழுத்தைவிடப் பருமன் குறைவு. ஈயத் துண்டு செருகிச் செருகி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உதிரும். முதலாளி வந்து நின்றார்.

"ஏலே, மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா நோட்டீஸ் கெடக்கு. நீ வெள்ளக்கார எழுத்தப் பொறுக்கிக்கிட்டு இருக்கியா? அந்தப் பேரச் சொன்னா நம்ம பிள்ளையளுக்குப் பல்லு தெறிச்சிரும்."

பொன்னம்மா, தாசன் என்று மாற்றிக் கோத்தேன். அச்சடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவிட்டோம். மதாம்மா கொடுத்திருந்த வெளிநாட்டு விலாசத்துக்கு ஒரு பிரதி தபாலில் போயிற்று.

வெகுநாள் கழித்து, உடம்பு தேறி வந்தவர் புத்தகத்தைப் பிரித்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் விரல் நின்றது. வழக்கம்போல வாசலைப் பார்த்தார்.

"பிள்ளையள எங்க கொண்டு போனிய?"

அப்போதுதான் சொன்னார். ஹன்னாவும் எமிலும் அவருடைய தங்கையின் பிள்ளைகள். பக்கத்து நாட்டில் ஒளிந்திருந்தார்கள். கடிதம் யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதலாம், உங்கள் பெயர் அச்சிட்ட என் புத்தகத்தோடு வருகிறவருடன் மட்டும் புறப்படுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாராம். அவர்களை அழைத்துவர இருந்தவருக்குத்தான் அந்தப் பிரதி போயிருந்தது.

அன்றே அந்தப் பெயர்களைத் தனித்தாளில் அச்சடித்து அனுப்பினோம். அது போய்ச் சேருமுன் அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது. பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்து, இது பெரியம்மா அனுப்பியதில்லை என்று வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. பிறகு யுத்தம். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

மூலப்பிரதியில் விளங்காதது இருந்தால் எழுதியவரிடம் போய்க் கேளுங்கள். மதாம்மா காய்ச்சலில் படுத்திருந்தது அச்சுக்கூடத்திலிருந்து நான்காவது வீடு.