பலகை வேண்டாமென்றவர்கள்

எல்கான் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் நம்போசோ பதினெட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியது ஒரே விஷயத்தைத்தான். அடிபட்டவனை எழுப்பாதே, தலையை அசையாமல் பிடி, பலகையில் கிடத்து. யார் கேட்டார்கள்? வாடகை பைக் ஓட்டுகிறவர்கள் விழுந்தவனை உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக நடுவில் செருகிக் கொண்டுவந்து இறக்குவார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கழுத்துப்பட்டை கட்டிக்கட்டியே அவள் கை காய்த்துப்போனது.

சந்தை பைக் நிறுத்தத்தின் தலைவன் வமோனோ ஒருத்தன்தான் காது கொடுத்துக் கேட்டவன். பலகைக்குப் பதிலாகப் பழைய கதவொன்றை நிறுத்தத்தில் கொண்டுவந்து போட்டு, தன் ஆட்களை மாற்றி மாற்றிப் படுக்கவைத்துப் பழக்கினான்.

“சிஸ்டர், என் பசங்க இப்ப பாதி டாக்டருங்க” என்று பீற்றிக்கொள்வான். அவளுக்கும் பெருமை தாங்காது.

ஒரு மத்தியானம் வாழைக்காய் லாரி அவனையே மோதித் தள்ளியது. அவனையும் நடுவில் செருகித்தான் கொண்டுவந்தார்கள். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை ஆடியிருக்கிறது. நம்போசோ வாசலிலேயே கத்தினாள்.

“கதவு எங்கடா? அத்தனை நாள் பழகினீங்களே, புத்தி எங்க போச்சு?”

வமோனோவின் கூட்டாளி மகோம்பே தலை நிமிரவில்லை. “பழகினப்ப விளையாட்டு சிஸ்டர். நம்ம பக்கம் பொணத்தைத்தானே பலகையில தூக்குவோம்? உசுரோட இருக்கிறவரை எப்படி அதுல வெக்கிறது? ‘கதவைக் கொண்டாங்கடா’ன்னு தலைவரு கெஞ்சினாரு. எங்களுக்குத்தான் மனசு வரல.”

“விழுந்தப்ப கால் அசைஞ்சுதா?”

“அசைஞ்சுதே. தூக்க வேணாம்னு எங்களை உதைக்கக்கூட வந்தாரு.”

பாவி, அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம். நால்வரை வைத்து, தலையும் உடம்பும் ஒருசேர அவனைக் கட்டிலுக்கு மாற்றினாள். கழுத்துக்கு அட்டை கட்டி, இரண்டு பக்கமும் மணல் பை வைத்தாள். எல்லாம் முறைப்படி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வமோனோவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. கூரையையே பார்த்துக்கொண்டு பேசினான்.

“அவனுங்களைத் திட்டாதீங்க சிஸ்டர், பயந்துட்டானுங்க. அடுத்து காலைக் கிள்ளிப் பாக்கணும்ல? எனக்குத்தான் தெரியுமே. பாருங்க.”

அவள் பெருவிரலில் தொடங்கித் தொப்புள்வரை கிள்ளி முடித்திருந்தாள். வழியெல்லாம் நகம் பதிந்திருந்தது. மறுபடியும் பாதத்துக்குப் போய், பலம் கொண்ட மட்டும் கிள்ளினாள்.

“ஏன் சிஸ்டர் சும்மா நிக்கிறீங்க?” என்றான் வமோனோ. “கிள்ளுங்க.”