அலையாத்திக்குள் ஒரு பகல்

அன்று வெள்ளம் கடல் பக்கத்திலிருந்து வரவில்லை. நெட்டுக்குப்பத்தில் புயல் என்றால் கிழக்கே பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அந்தக் காலை அண்ணி பின்கதவைத் திறந்தபோது, மேற்கேயிருந்து ஆற்றுத் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. "கடலு வாங்க மாட்டேங்குது. முகத்துவாரம் அடைச்சிகினு கீது" என்றாள். என் சின்ன வயதில் வெள்ளம் சீக்கிரமே கடலுக்கு வடிந்துவிடும். கழிமுகத்தில் மணலும் அனல்மின் நிலையச் சாம்பலும் மேடிட்ட பிறகு, ஒவ்வொரு புயலுக்கும் அது வேகமாக ஏறி, மெதுவாக இறங்கியது.

படகை அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவிட்டு வருவதாக விடியலில் போன அண்ணன் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. அண்ணி கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவள். காற்று சற்றுத் தணிந்ததும் பக்கத்து வீட்டுப் படகை எடுத்தாள். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். அவள் கழி ஊன்றித் தள்ள, நான் உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன். திறந்த வெளியில் படகு இருமுறை கவிழப் பார்த்தது.

அலையாத்தி மரங்களுக்குள் நுழைந்ததும் அலை அடங்கிவிட்டது. தலைக்கு மேலே காற்று இரைந்தது. கீழே தண்ணீர் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். கிளைக்குக் கிளை கொக்குகள், நாரைகள், நீர்க்காகங்கள். கை நீட்டினால் தொடலாம், ஒன்றும் பறக்கவில்லை. ஒரு கவட்டையில் தண்ணீர்ப் பாம்பு சுருண்டிருக்க, அதன் பக்கத்திலேயே ஒரு கொக்கு கண்மூடி நின்றது. இன்னும் உள்ளே, நாலு மரத்தில் கட்டிய படகில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கயிறு அறுத்து உள்ளங்கை கிழிந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அண்ணி அவன் கையைத் துணியால் சுற்றினாள். பிறகு அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "இத்தினி பேரு இங்க கீறாங்கோ."

காற்று ஓயும்வரை நாங்களும் அந்தப் பறவைகளோடு இருந்தோம்.

வெள்ளம் வடிந்தபோது ஆலைகளிலிருந்து அதோடு வந்த எண்ணெய் மரங்களில் மார்பளவுக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது. இலைகள் உதிர்ந்தன. பல மாதம் அண்ணிக்கு இறால் கிடைக்கவில்லை. சேற்றில் வைத்த கை கொப்பளித்தது. எங்களைக் காத்த மரங்கள் கண்ணெதிரே பட்டுப்போயின.

போன வாரம் அவளோடு அங்கே போனேன். பட்ட மரங்களுக்கு நடுவே, சாம்பல் படிந்த சேற்றில், முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள். யார் நட்டார்கள் என்று கேட்டேன்.

"யாரும் நடல. அதுக்கப்புறம் வந்த வெள்ளம் வெதைய இட்டாந்து போட்டுச்சு."

அடுத்த புயலுக்குள் இவை வளர்ந்துவிடுமா என்றேன். தெரியாது என்று தலையாட்டினாள். பிறகு, ஒன்றையும் மிதித்துவிடாமல், தொடையளவு சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினேன்.