காலில் கட்டிய பாவுக் கல்

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயதானபோது இடது கால் நாலு விரற்கடை குட்டையாகிவிட்டது. தறியில் பாவு நூல் தளராமலிருக்கத் தொங்கவிடும் கல்லை அப்பா அவிழ்த்து வந்தார். என்னைக் கட்டிலோடு பிணைத்து, அந்தக் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

"பாவே இழுத்துக் கட்டினா நீளுது. காலு நீளாதா?" என்றார்.

நான் போட்ட அலறலில் தெரு கூடிவிட்டது. சித்தப்பா என் வாயில் துண்டைத் திணித்தார். மூன்று நாள் அப்படியே கிடந்தேன்.

கடைசியில் மாமாதான் என்னை மெட்ராசுக்குத் தூக்கிப்போனார். பரம்பரையாக வரும் அபூர்வமான எலும்பு நோய் என்றார் டாக்டர். அந்த நோயில் நொறுங்கிக் காலைக் குட்டையாக்கியிருந்த இடுப்பு மூட்டை அறுத்தெடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார். இவ்வளவு சின்ன வயதில் யாருக்கும் வைப்பதில்லையாம். எனக்கு வேறு வழியில்லையாம்.

ஊன்றுகோலோடு வீடு திரும்பினேன். இரண்டு கால்களும் சமமாக இருந்ததைப் பார்த்து அப்பா அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார்: "எல்லாம் நான் கல்லு கட்டினதுபா. டாக்டருங்க மேல தச்சி அனுப்பிகிறாங்க, அவ்ளோதான்."

ஊன்றுகோலை ஓங்கி அவர் முழங்காலில் அடித்தேன். காலைப் பிடித்துக்கொண்டு தறியோரம் சரிந்தார். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "இரு, கல்லு எடுத்தாரேன்."