ஐந்தே முக்காலுக்கு விழுந்த டம்ளர்

2023 நவம்பர் 27, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்கால். நகரியில் விடாத தூறல். என் மனைவி கிரேஸின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

அதைக் கண்டு நான் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருடமாக அவளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணிப்போனவை. டம்ளர் விழுவது எங்கள் வீட்டில் புதிதல்ல. "பால்காரன் அஞ்சு நிமிஷம் லேட்டு, வந்த பாலையும் தரைக்குக் குடுத்துட்டியா?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சத்தம் போட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

சபையாரே, நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் எனக்குப் பதில் சொல்லாத நாள் கிடையாது. நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் என் கணக்கைத் திருத்துகிறவள் அவள்தான். அந்த வாய் மூடிக்கிடந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஆறரைக்கு வலது கை துணி மாதிரித் தொங்கியது. பக்கத்து வீட்டு தேவராஜ் வந்து பார்த்தார்.

"மூட்டு எறங்கிக்கினு கீது அண்ணே. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். புத்தூர் பக்கம் போய் மூணு கட்டு போட்டா சரியாப்பூடும்."

எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் கை கால் எது தொங்கினாலும் முதலில் நினைவுக்கு வருவது எலும்புக் கட்டுதான். தமிழ்நாடு, கர்நாடகா எங்கிருந்தெல்லாமோ அதற்கு ஜனங்கள் வருகிறார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கு அது. என் மனைவிக்கு முறிந்தது எலும்பல்ல என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் தடவி, பழைய வேட்டியைக் கிழித்து, நானே கையைச் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டேன். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். மழையைக் காட்டிக் கொள்ளையடிக்கிறார் என்று அனுப்பிவிட்டு, புத்தூர் வழியாகப் போகும் எட்டு பத்து திருப்பதி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் அவள் தலையில் ரத்தம் போகாமல் ஒரு பாகம் செத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பெண். நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"இன்னா தாத்தா, காலங்காத்தால நூறு ரூபாய நீட்டுற? என்ன பேங்குன்னு நெனச்சிக்கினியா?"

"புத்தூர் ரெண்டு."

முனகிக்கொண்டே மீதி ஐம்பதை நாணயமாகவும் நோட்டாகவும் கொடுத்தார். சில்லறையை எண்ணி முந்தானையில் முடிவது எப்போதும் கிரேஸின் வேலை. அவளுடைய இடது கையில் வைத்தேன். அவள் எண்ணவில்லை. பார்க்கவும் இல்லை. காசு மடியில் சரிந்து பஸ் தரையில் ஓடியது.

கண்டக்டர் குனிந்து பொறுக்கியவர், நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, உம் பேரு இன்னா? சொல்லும்மா."

கிரேஸ் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வலது ஓரத்தில் எச்சில் வழிந்தது.

"ஐயோ தாத்தா, இது கையி இல்ல! எங்க மாமனாருக்கு இப்படித்தான் வந்துச்சு. கட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்." அங்கேயே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். புத்தூர் பஸ் நிலையத்துக்குள் நாங்கள் நுழையும்போது வண்டி வந்து நின்றிருந்தது. மேலேயிருந்து இதை ஏற்பாடு செய்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திருப்பதி போகிற வழியெல்லாம் மழை. நான் ஜெபித்தேன். ஆலயத்தில் நீளமாக ஜெபிக்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டே வாக்கியம்தான் வந்தது. "ஆண்டவரே, இன்றைக்கு என் தப்பைக் கணக்கில் வைக்காதேயும். அவள் குரலை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க? சும்மா காலையிலன்னு சொல்லாதீங்க. மணி வேணும்."

"அஞ்சே முக்கால்."

"நிச்சயமாவா?"

"டம்ளர் விழுந்துச்சும்மா. கடிகாரத்தப் பாத்துதான் திட்டினேன்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது ஐம்பது. "நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் அடைப்பைக் கரைக்கிற ஊசி. நேரம் தெரியாம வர்றவங்களுக்குப் போட முடியாது. இன்னும் கொஞ்சம் இருக்கு. மூளையில ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. சம்மதமா?" கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்து ஐந்துக்கு ஊசி ஏறியது.

மறுநாள் அந்த டாக்டர் கேட்டார்: "இத்தனை வருஷம் மூட்டு நோய் இருக்கு. பிரஷர் எப்போ பாத்தீங்க?"

 வலி மாத்திரையை நானே மெடிக்கல் கடையில் வாங்கி, நாளுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்தேன். பிரஷரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: மூட்டை அரிக்கிற அதே அழற்சி ரத்தக் குழாயையும் வருடக் கணக்காகக் கெடுக்கும். அதனால் இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கண்டபடி தின்கிற வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும். நான் மூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிர் தங்கியது. இழுத்துக்கொண்டிருந்த வலது கால் திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கீர்த்தனை பாடும்போது அவள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பெண்கள் பக்கத்தில் பார்த்தீர்கள். நான் பாதியிலேயே எழுந்து வெளியே போனேன். கேட்டதைத் தவிர எல்லாம் கொடுத்தீரே என்று ஆலயச் சுவருக்குப் பின்னால் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன மார்ச் மாதம் குருத்தோலை ஞாயிறு. ஆலயம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நன்றிக் காணிக்கை எவ்வளவு வைப்பது என்று தெரிய, ஆன செலவை வாய்விட்டுக் கூட்டினேன். ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கேன், மருந்து, உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர். "ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது" என்று முடித்தேன்.

"அம்... பது" என்றாள் கிரேஸ்.

நான் அவள் பக்கம் குனிந்தேன். "இன்னாம்மா சொன்ன?"

"பஸ்ஸு... அம்பது. வுட்டுட்ட."

வாய் கோணியபடியே, இடது கை விரலை என் முகத்துக்கு நேராக ஆட்டினாள். கட்டுப் போட அழைத்துப்போன அந்த பஸ் டிக்கெட்டை நான் விட்டிருந்தேன். என் தப்புக்குக் கொடுத்த காசு அது ஒன்றுதான். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் சிரித்தாள்.

இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை வருகிறது. பாதி என்னைத் திட்டத்தான். காலையிலும் மாலையிலும் பிரஷர் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் மூட்டு நோய்க்காரர் இருந்தால் இன்றைக்கே பிரஷர் பாருங்கள். திடீரென்று கை தொங்கினால், வாய் கோணினால், பேச்சு குழறினால், கட்டுக்குப் போகாதீர்கள். மணியைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போதே ஜெபியுங்கள். தாமதமானாலும் அவர் பதில் தருவார். நீங்கள் கேட்ட அளவில் இராது. ஆனாலும் நம்புங்கள்.

எனக்கு ஆன செலவு, அவள் திருத்தியபடி: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.